சவாரி தெரியும், போலோ கற்க வேண்டும்: எங்கிருந்து தொடங்குவது?

குதிரையேற்றப் பயிற்சிக்கு ஓரிரு வருடம் போய், ட்ராட்டிலும் (துள்ளுநடை) கேன்டரிலும் (மிதமான பாய்ச்சல்) தடுமாறாமல் உட்காரப் பழகியவர்களுக்கு ஒரு கட்டத்தில் அடுத்து என்ன என்ற கேள்வி வரும். சிலர் தடை தாண்டப் போவார்கள், சிலர் குதிரையை நளினமாக நடத்திக் காட்டும் டிரஸாஜ் பக்கம் போவார்கள். போலோவை நினைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. அது ராஜாக்களும் ராணுவ அதிகாரிகளும் ஆடுவது, நமக்கு எட்டாது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். எட்டும். சொந்தக் குதிரைகூட வேண்டாம்.

ஆனால் கற்கும் வரிசை முக்கியம். முதல் நாளே மட்டையைக் கையில் கொடுத்துக் குதிரைமேல் ஏற்றிவிட்டால் ஆர்வமாகத்தான் இருக்கும். அதற்கு விலை கொடுப்பது குதிரை. நீங்கள் சமநிலை தவறும்போதெல்லாம் கடிவாள வாரைப் பிடித்து இழுப்பீர்கள், அதன் வாய் புண்ணாகும். வீச்சு தப்பினால் மட்டை அதன் காலில் விழும். கீழே நான் சொல்லும் வரிசை இந்த இரண்டையும் மனதில் வைத்து அமைந்தது. அவசரப்படாமல் போனால் நீங்களும் சீக்கிரமே ஆடத் தொடங்கிவிடலாம்.

ஆட்டம் சுருக்கமாக

குதிரைமேல் இருந்தபடி நீள மட்டையால் பந்தை அடித்துக் கோல் போடுவதுதான் போலோ. ஓர் அணிக்கு நான்கு பேர். மைதானம் 300 கெஜம் நீளம், 200 கெஜம் அகலம். ஓரத்தில் பலகை அடித்திருந்தால் அகலம் 160 கெஜம். இரு முனைகளிலும் 8 கெஜ இடைவெளியில் இரண்டு கம்பங்கள் நிற்கும். அவற்றுக்கு நடுவே பந்து எவ்வளவு உயரத்தில் போனாலும் கோல்தான். ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் அணிகள் பக்கம் மாறும். புதியவர்கள் இதை மறந்து தங்கள் கோலை நோக்கியே பந்தை ஓட்டிப் போவது உண்டு. ஆட்டம் சுமார் ஏழு நிமிடப் பகுதிகளாக நடக்கும், ஒரு பகுதிக்குச் சக்கர் என்று பெயர். சிறிய போட்டிகளில் நான்கு சக்கர், பெரியவற்றில் எட்டு வரை. ஒரு சக்கர் முடிந்ததும் குதிரையை மாற்றுவார்கள். ஏழு நிமிடம் பாய்ச்சல், திடீர் நிறுத்தம், திரும்பல் என்று ஓடிய குதிரைக்கு ஓய்வு வேண்டும்.

இன்றைய போலோ கிளம்பியது மணிப்பூரிலிருந்து. அங்கே சகோல் காங்ஜெய் என்ற பெயரில், அணிக்கு ஏழு பேராக, கோல் கம்பமே இல்லாமல், சின்ன மணிப்பூரி மட்டக்குதிரைகளில் ஆடிக்கொண்டிருந்தார்கள். இப்போதும் ஆடுகிறார்கள். இம்பாலின் மாபால் காங்ஜெய்பூங் மைதானம் நூற்றாண்டுகளாகக் குதிரைக் குளம்பு பட்ட மண். பக்கத்துக் காச்சாரில் (இன்றைய அசாம்) இருந்த ஆங்கிலேயர்கள் அந்த ஆட்டத்தைக் கற்று 1859ல் சில்சாரில் ஒரு கிளப் தொடங்கினார்கள். 1862ல் கல்கத்தா போலோ கிளப் வந்தது. அதன் பிறகுதான் இங்கிலாந்துக்கும், அங்கிருந்து அர்ஜென்டினாவுக்கும் போனது. 1933ல் ஜெய்ப்பூர் மகாராஜா இரண்டாம் சவாய் மான்சிங்கின் அணி இங்கிலாந்துக்கே போய் அங்கிருந்த பெரிய கோப்பைகளை வென்றது. நமக்கு எட்டாது என்பவர்களுக்கு இந்த வரலாற்றைச் சொல்வேன்.

முதலில் உங்கள் சவாரியைச் சோதியுங்கள்

போலோ பயிற்சிக்குப் போகும் முன், இப்போது நீங்கள் ஏறும் குதிரையிலேயே நான்கு விஷயங்களைப் பாருங்கள். அங்கவடியில் கால் வைக்காமல் வளையத்தைச் சுற்றி ட்ராட் போக முடிகிறதா? சேணத்திலிருந்து இடுப்பைக் கொஞ்சம் தூக்கி, எடையைத் தொடையிலும் கணுக்காலிலும் வைத்து, ஒரு சுற்று முழுக்கக் கேன்டரில் நிற்க முடிகிறதா? ஒரே கையில் வாரைப் பிடித்து எட்டு வடிவம் போட முடிகிறதா? கேன்டரிலிருந்து வாரை இழுக்காமல், உடம்பைப் பின்னால் சாய்த்து உட்கார்ந்தே குதிரையை நடைக்குக் கொண்டுவர முடிகிறதா? கடைசி இரண்டில்தான் பெரும்பாலோர் திணறுவார்கள். நாம் கற்ற சவாரி இரண்டு கைச் சவாரி. வலது வாரை இழுத்தால் வலப்பக்கம் திரும்பும் என்று கைக்குப் பழகியிருக்கும்.

போலோவில் வலது கை முழுக்க மட்டைக்கு. இடது கையில் எல்லா வாரும். போலோ குதிரைக்குப் பெரும்பாலும் இரண்டு ஜோடி வார், ஆக நான்கு பட்டைகள் ஒரே உள்ளங்கையில். திருப்புவது கழுத்தை வைத்துத்தான். இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் கையை இடப்பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள். வலது வார் கழுத்தின் வலப்புறத்தில் உரசும், குதிரை இடப்பக்கம் திரும்பும். இதற்குப் பழக்கப்படாத குதிரையில் இது வேலை செய்யாது. அதனால் ஒரு கைப்பிடியை மட்டும் உங்கள் குதிரையில் பழகிக்கொண்டு, கழுத்துத் திருப்பலை போலோ குதிரையில் கற்கலாம்.

இன்னொன்று. குதிரையின் கழுத்தைச் சுற்றி ஒரு வார் போடச் சொல்லுங்கள். சமநிலை போகிற நொடியில் கை அந்த வாரைப் பிடிக்கட்டும், கடிவாளத்தைப் பிடிக்க வேண்டாம். இதைச் சொல்லிக் கொடுக்காத பயிற்சியாளரிடம் நீங்களே கேட்டு வாங்குங்கள்.

மட்டை: தரையில், பிறகு மரக்குதிரையில்

போலோ மட்டையின் தண்டு வளைந்து கொடுக்கும் பிரம்பு. தலை கெட்டி மரம். பார்த்தால் சுத்தியல் மாதிரி இருப்பதால் தலையின் முனையால் அடிக்க வேண்டும் என்று தோன்றும். அடிப்பது நீளவாட்டுப் பக்கத்தால். நீளம் பெரும்பாலும் 50 முதல் 53 அங்குலம். குதிரையின் உயரமும் உங்கள் கையின் நீளமும் சேர்ந்து அதை முடிவு செய்யும். ஆரம்பத்தில் லேசான மட்டையாகக் கேளுங்கள். கனமானதை வீசினால் மணிக்கட்டும் தோளும் வலித்து, ஒரு வாரத்தில் வெறுத்துவிடும்.

பிடியில் உள்ள பட்டையைக் கட்டைவிரலில் மாட்டி, புறங்கையைச் சுற்றி ஒரு முறுக்கு முறுக்கிப் பிடிக்க வேண்டும். மட்டை கை நழுவினாலும் விழாது. இதைப் பயிற்சியாளர் கையோடு கை வைத்துக் காட்டட்டும். படத்தைப் பார்த்துக் கற்க முயன்றால் தப்பாகத்தான் மாட்டுவோம்.

முதல் சில நாட்கள் குட்டை மட்டையுடன் தரையில் நின்று அடியுங்கள். நடந்துகொண்டே பந்தை நேர்கோட்டில் கொண்டுபோய்ப் பழகுங்கள். பலம் போட வேண்டாம். மட்டையின் தலைக்கு இருக்கும் எடையே கீழே விழும் வேகத்தில் பந்தைத் தள்ளிவிடும். உங்கள் வேலை தோளைத் திருப்பி அதற்கு வழிவிடுவது, பந்து கிளம்பும்வரை கண்ணை அதிலிருந்து எடுக்காமல் இருப்பது. இரண்டுமே சொல்லச் சுலபம்தான்.

அப்புறம் மரக்குதிரை. நிஜக் குதிரையின் உயரத்தில் சேணம் போட்ட ஒரு மரக் கட்டமைப்பு. சுற்றிலும் வலை, தரை நான்கு பக்கமும் சரிவு, அடித்த பந்து உருண்டு உங்களிடமே வரும். பல கிளப்புகளில் இது ஒரு மூலையில் யாரும் தொடாமல் கிடக்கும். விடாதீர்கள். இங்கே நீங்கள் எத்தனை முறை தவறினாலும் எந்தக் குதிரைக்கும் வலிக்காது.

குதிரையின் வலப்பக்கம் ஆஃப் சைடு, இடப்பக்கம் நியர் சைடு. இரு பக்கமும் முன்னடி (பந்தை முன்னோக்கி அடிப்பது), பின்னடி (பின்னோக்கி அடிப்பது) என்று மொத்தம் நான்கு அடிப்படை அடிகள். ஆஃப் சைடு முன்னடியில் தொடங்குங்கள். பந்து உங்கள் அங்கவடிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும்போது மட்டை அதைத் தொட வேண்டும். பின்னடிக்குப் பந்து அங்கவடியைத் தாண்டிப் பின்னால் போகட்டும். நியர் சைடு அடிகளுக்கு உடம்பு முழுக்கக் குதிரையின் குறுக்கே திரும்ப வேண்டும், அவை கடைசியில். கழுத்துக்கு அடியிலும் வாலுக்குப் பின்னாலும் அடிக்கும் வித்தைகளை முதல் வருடம் நினைக்கவே வேண்டாம்.

இடது கைக்காரர்களும் வலது கையில்தான் மட்டை பிடிக்க வேண்டும். அது விதி, விலக்கு கிடையாது. காரணம் பின்னால் வருகிறது. வருத்தப்பட வேண்டாம். குதிரையின் வாயோடு பேசும் கை உங்கள் நல்ல கையாக இருப்பது சின்ன லாபம் இல்லை.

குதிரைமேல் தனியாக

ஸ்டிக் அண்ட் பால் என்பார்கள். ஆட்டம் இல்லை, நீங்களும் குதிரையும் பந்தும் மட்டும். நடையிலேயே தொடங்குங்கள், அரை வீச்சு போதும். பத்துப் பந்தில் ஏழு எட்டு நேராகப் போனால் ட்ராட், அங்கேயும் அப்படியே போனால் கேன்டர். தவறினால் ஒரு படி இறங்கி வாருங்கள். அடிக்காத நேரத்தில் மட்டையை நிமிர்த்திப் பிடியுங்கள். தொங்கவிட்டால் குதிரையின் காலுக்குள் போகும்.

குதிரை பழகியதாக இருக்கட்டும். பல வருடம் ஆடி அனுபவப்பட்ட பன்னிரண்டு, பதினான்கு வயதுக் குதிரை உங்களைவிட ஆட்டம் தெரிந்தது. பந்தின் பக்கத்தில் தானே கொண்டுபோய் நிறுத்தும். இளம் குதிரையும் புது ஆளும் சேர்ந்தால் இருவருமே கெட்டுப்போவார்கள். யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டுமே பழகுங்கள். ஆளில்லாத மைதானத்தில் விழுந்தால் சொல்ல ஆள் இல்லை.

லைன்: போலோவின் உயிர்

இங்கேதான் நிதானமாக உட்கார்ந்து கற்க வேண்டும். நன்றாக அடிக்கத் தெரியாதவரை யாரும் மைதானத்தை விட்டு வெளியேற்றுவதில்லை. லைன் தெரியாதவரை வெளியேற்றுவார்கள். வெளியேற்றவும் வேண்டும்.

பந்தை ஒருவர் அடித்ததும், அது போகிற பாதையில் ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பந்து நின்றாலும் கோடு அதே திசையில் நீளும். அடுத்தவர் அடித்துத் திசை மாறும்வரை அந்தக் கோடுதான் சாலை. பந்தைத் தன் வலப்பக்கம் வைத்துக்கொண்டு அந்தக் கோட்டை ஒட்டி வருகிறவருக்கு வழியுரிமை. அவர் வேகத்தைக் குறைக்கவோ விலகவோ வேண்டி வரும்படி யாரும் கோட்டைக் குறுக்கே வெட்டக் கூடாது. வெட்டினால் ஃபவுல், நடுவர் விசில் அடிப்பார், எதிரணிக்கு இலவச அடி கிடைக்கும். குற்றத்தின் கடுமையைப் பொறுத்து அது 30, 40 அல்லது 60 கெஜத்திலிருந்து இருக்கலாம்.

எதிரெதிரே இருவர் அதே பந்துக்கு வந்தால்? இருவரும் பந்தைத் தங்கள் வலப்பக்கம் வைக்க வேண்டும். அப்படி வைத்தால் பந்து நடுவில் இருக்க, வலப்பக்கம் வலப்பக்கமாகக் கடந்து போவார்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் சாலையில் இடப்பக்கமாகப் போகிறோம், எதிர் வண்டி நம் வலப்புறமாகக் கடக்கிறது. அதே ஏற்பாடுதான். ஒருவர் மட்டையை இடது கையில் பிடித்தால் அவர் தப்பான பக்கத்தில் வருவார், இரண்டு குதிரைகள் நெற்றிக்கு நெற்றி மோதும். இடது கைக்குத் தடை வந்ததன் காரணம் இதுதான்.

வழியுரிமை இல்லாதவர் சும்மா இருக்க வேண்டும் என்பதில்லை. கோட்டுக்கு இணையாக வந்து பக்கத்தில் சேரலாம். வந்த பிறகு தோளோடு தோள் உரசி எதிராளியைக் கோட்டை விட்டு நகர்த்தலாம். இது ரைடு ஆஃப். இரு குதிரைகளும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் இருக்க வேண்டும், சேரும் கோணம் குறுகலாக இருக்க வேண்டும். செங்குத்தாகப் போய் இடித்தால் அது ஆபத்தான ஃபவுல். முழங்கையை விலாவோடு ஒட்டி வையுங்கள். எதிராளி அடிக்கப் போகும் கணத்தில் அவர் மட்டையை உங்கள் மட்டையால் தடுப்பது ஹூக். பந்து இருக்கும் அதே பக்கத்தில், அல்லது நேர் பின்னால் இருந்தால் மட்டுமே செய்யலாம். அவர் குதிரைக்கு மேலாகவோ, குறுக்காகவோ, கால்களுக்கு ஊடாகவோ மட்டையை நீட்டக் கூடாது.

இதைப் படித்து மட்டும் பழக முடியாது. நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து, குதிரை இல்லாமல், குட்டை மட்டையுடன் புல்வெளியில் ஓடி ஆடிப் பாருங்கள். ஒவ்வொரு அடிக்கும் நின்று, இப்போது லைன் எங்கே, உரிமை யாருக்கு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். போட்டி பார்க்கப் போனால் கோல் கம்பங்களுக்குப் பின்பக்கமாகப் பாதுகாப்பான தூரத்தில் நின்று பாருங்கள். பக்கவாட்டில் உட்கார்ந்தால் வேகம் தெரியும். பின்னாலிருந்து பார்த்தால்தான் கோடுகள் தெரியும்.

உங்களுக்கும் குதிரைக்கும் பாதுகாப்பு

பந்து மூன்றேகால் அங்குலம் அளவிலான கெட்டிப் பிளாஸ்டிக். வேகமாக அடித்தால் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும். அதனால் ஹெல்மெட்டில் காசைச் சேமிக்காதீர்கள். சாதாரணச் சவாரித் தொப்பியோடு ஆடாமல், போலோவுக்கென்று சோதித்துச் சான்று பெற்றதாக வாங்குங்கள். முகக் கம்பி வைத்தது நல்லது, இல்லாவிட்டால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியாவது வேண்டும். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டைத் தூக்கிப் போடுங்கள். முழங்கால் கவசம், நீளக் காலணி, கையுறை. மற்றதை எல்லாம் கிளப்பில் கடன் வாங்கலாம். லாயம் சார்ந்த எந்தப் பழக்கத்துக்கும் டெட்டனஸ் ஊசி நாள் தவறாமல் போட்டிருக்க வேண்டும்.

குதிரைக்கு நான்கு காலிலும் பட்டி சுற்றியிருக்க வேண்டும். வால் முடிந்து கட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மட்டை சிக்கும். பிடரி மயிரை மழித்திருப்பதும் அதற்காகத்தான். குதிரையைப் பராமரிக்கும் சைஸ் எல்லாவற்றையும் பூட்டித்தான் கொண்டுவருவார். ஆனாலும் ஏறும் முன் வயிற்று வார், அதன்மேல் போட்ட கூடுதல் வார், அங்கவடிப் பட்டை, கடிவாளக் கொக்கிகள் எல்லாவற்றையும் உங்கள் கையால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். சைஸ் தவறாக நினைக்க மாட்டார். நல்ல ஆட்டக்காரர்கள் எல்லோரும் அதைச் செய்வதை அவர் பார்த்திருக்கிறார்.

முதல் சக்கர்

மெதுவான பயிற்சிச் சக்கர் நடத்தும் இடமாகப் பாருங்கள். அரீனா போலோ கிடைத்தால் இன்னும் நல்லது. சுவர் அடைத்த சிறிய களம், அணிக்கு மூன்று பேர், காற்றடைத்த பெரிய பந்து. வேகம் குறைவு, பந்தும் தொலைந்துபோகாது.

அணியில் ஒவ்வொருவருக்கும் ஆடும் இடத்தைப் பொறுத்து ஓர் எண் உண்டு. பெரும்பாலும் உங்களை ஒன்றாம் எண்ணில் போடுவார்கள். முன்னால் இருப்பது, எதிரணியின் நான்காம் எண்ணை விடாமல் ஒட்டியிருப்பது, இதுதான் வேலை. மூன்றாம் எண் பொதுவாக அணியின் திறமைசாலி, நான்கு தற்காப்பு. முதலில் உங்கள் ஆளைப் பாருங்கள், பிறகு லைனை, கடைசியில் பந்தை. புதியவர்கள் எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்து, பந்துக்குப் பின்னால் கூட்டமாக ஓடுவார்கள். சந்தேகம் வந்தால் லைனை விட்டு விலகிவிடுங்கள். ஓர் அடியை விட்டுக்கொடுப்பதால் ஒன்றும் ஆகாது. விசில் கேட்டதும் நிறுத்துங்கள், வீச்சை முடிக்கக்கூட வேண்டாம்.

ஹேண்டிகேப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான நாடுகளில் ஒவ்வொருவருக்கும் -2 முதல் 10 வரை ஓர் எண் கொடுப்பார்கள், புதியவர் மிகக் கீழ் எண்ணில் தொடங்குவார். அதை கோல் என்றே சொல்வார்கள், ஆனால் போட்ட கோல்களோடு தொடர்பில்லை, திறமையின் மதிப்பீடு அது. ஒவ்வோர் அணியின் நான்கு எண்களையும் கூட்டி, இரு அணிகளின் கூட்டுத்தொகை வித்தியாசத்தைச் சக்கர் எண்ணிக்கையால் பெருக்கி ஆறால் வகுத்து, பலம் குறைந்த அணிக்கு முன்கூட்டியே கோல் கொடுப்பார்கள். வித்தியாசம் மூன்று, நான்கு சக்கர் ஆட்டம் என்றால் இரண்டு கோல். அதனால்தான் சுமாராக ஆடுகிறவரும் பெரிய ஆட்டக்காரரும் ஒரே அணியில் ஆட முடிகிறது.

இறங்கிய பிறகு

ஆட்டம் முடிந்ததும் குதிரையை சைஸ் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகிறவர்களை நான் மதிப்பதில்லை. வயிற்று வாரைத் தளர்த்துங்கள். மூச்சு அடங்கும்வரை மெல்ல நடத்துங்கள். நம் ஊர் வெயிலில் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, வழித்துவிட்டு, மறுபடி ஊற்ற வேண்டும். குடிக்கவும் தண்ணீர் கொடுங்கள். உடம்புச் சூடு ஆறாமல் தானியம் வைக்காதீர்கள், வயிற்றுவலி வந்தால் குதிரைக்கு உயிருக்கே ஆபத்து. காலின் பட்டியை அவிழ்த்து, நான்கு காலையும் மேலிருந்து கீழே தடவிப் பாருங்கள். எங்காவது சூடோ வீக்கமோ இருந்தால் அப்போதே சொல்லுங்கள். வாயோரத்தில் கீறல் இருந்தால் அது உங்கள் இடது கை செய்தது. அடுத்த வகுப்பில் மட்டையைத் தள்ளி வைத்துவிட்டு அந்தக் கையைச் சரிசெய்யுங்கள்.

எங்கே கற்பது, எப்போது வாங்குவது

இந்தியாவில் ஆட்டக் காலம் பெரும்பாலும் குளிர்காலம். அக்டோபரிலிருந்து மார்ச் வரை ஜெய்ப்பூர், டெல்லி, கொல்கத்தா மைதானங்கள் சுறுசுறுப்பாக இருக்கும். தெற்கே ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் போலோ உண்டு. சிங்கப்பூர் போலோ கிளப் 1886லிருந்தும், கோலாலம்பூரின் ராயல் சிலாங்கூர் போலோ கிளப் 1902லிருந்தும் இருக்கின்றன. எங்கே போனாலும் சேரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: மரக்குதிரை இருக்கிறதா, புதியவர்களுக்குத் தனிச் சக்கர் நடக்கிறதா, வகுப்புக் குதிரைகள் ஒரு நாளில் எத்தனை முறை மைதானத்தில் இறங்குகின்றன. மூன்றாவதற்குத் தயங்காமல் பதில் சொல்லும் இடத்தில் சேருங்கள். லாயத்தையும் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். விலா எலும்பு தெரியும் குதிரைகள் நின்றால் திரும்பி வந்துவிடலாம்.

செலவில் பெரும்பகுதி குதிரைக்குத்தான்: தீவனம், சைஸ் சம்பளம், லாடம், மருத்துவர். குதிரையோடு சேர்த்து வகுப்பாகவோ, சக்கர் கணக்கில் வாடகையாகவோ எடுத்தால் ஆடுகிற அளவுக்கு மட்டும் கொடுக்கலாம். குறைந்தது இரண்டு சீசன் அப்படி ஆடுங்கள். சொந்தமாக வைத்தால் நான்கு சக்கருக்கு இரண்டு குதிரையாவது வேண்டும், ஆடாத மாதங்களிலும் அவை சாப்பிடும். ஓய்வுக்குப் பின் பாய்ச்சலுக்குத் தயாராக்க வாரக்கணக்கில் நடையும் ட்ராட்டுமாகப் பழக்க வேண்டும்.

அப்படியும் வாங்குவது என்று முடிவு செய்தால், வேறு வேறு நாளில் இரண்டு சக்கராவது அதில் ஆடிப் பாருங்கள். உங்கள் சார்பில் ஒரு கால்நடை மருத்துவரை அழைத்துவந்து முன்கால் தசைநாண்கள், குளம்பு, மூச்சு, வாய் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கடைசியாக ஒரு கணக்கு: குதிரை இருபத்தைந்து வயதுக்கு மேலும் வாழும், பதினாறு பதினெட்டு வயதுக்குள் பெரும்பாலும் ஆட்டம் முடிந்துவிடும். மீதி வருடங்களுக்கான புல்லுக்கும் இடத்துக்கும் உங்களிடம் வழி இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் கிளப் குதிரையிலேயே தொடர்ந்து ஆடலாம்.